ஆறு வருஷ வீட்டு பீரும் வேலியேறிய ஹாப்ஸ் கொடியும்

அமெரிக்காவின் ஆரிகனில், போர்ட்லாண்டை ஒட்டிய ஹில்ஸ்போரோவில் இருக்கிறேன். 2019 ஏப்ரலில் ஒரு பீர் காய்ச்சும் கிட்டும், பார்க்க இஞ்சித் துண்டு போலிருந்த இரண்டு ஹாப்ஸ் கிழங்கும் வாங்கினேன். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ பூக்கிற கொடிதான் ஹாப்ஸ். கிட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூடியோடு ஒரு பிளாஸ்டிக் பக்கெட், காற்று வெளியேற ஒரு குமிழ்க்குழாய், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், பாட்டிலுக்கு மூடி அடிக்கும் கருவி, 19 லிட்டருக்கான மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு, அதை நொதிக்க வைக்கும் ஈஸ்ட். ஆறு வருஷம் புழங்கிவிட்டேன். "வாங்கலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

காசு மிச்சமாகும் என்று இதில் இறங்காதீர்கள். கிட் வாங்கினால் அடுத்து பெரிய பானை கேட்கும், பானை வந்தால் கொதித்ததைச் சீக்கிரம் ஆற்ற செம்புச் சுருள் கேட்கும். காய்ச்சுவது அரை நாள் வேலை என்பார்கள். அதில் முக்கால்வாசி பாத்திரம் தேய்ப்பதுதான். கொதித்து ஆறிய சாற்றைத் தொடும் எந்தச் சாமானும் சானிடைசரில் முங்கி வந்திருக்க வேண்டும். ஒரு முறை பக்கெட்டின் அடிக்குழாயைக் கழற்றிக் கழுவச் சோம்பல்பட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தது பீர் இல்லை, புளித்த பழங்கஞ்சி. அதன் பிறகு குழாய் வைத்த பக்கெட்டையே தூக்கிப்போட்டுவிட்டேன்.

முதல் தடவை காய்ச்சியபோது அம்மா இங்கே வந்திருந்தார். மால்ட் கொதிக்கும் வாசனைக்கு அடுக்களைக்குள் எட்டிப்பார்த்து, "என்னடா, இத்தனை பெரிய பானையில ஹார்லிக்ஸா?" என்றார். தப்பில்லை. இரண்டிலும் முளைகட்டிய பார்லிதானே.

அந்த வருஷம் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அவசரம். ஹைட்ரோமீட்டரில் 1.050-ல் தொடங்கிய சாறு, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன 1.010 பக்கம் இறங்கி, இரண்டு மூன்று நாள் அதே எண்ணில் நிற்க வேண்டும். ஆல்கஹால் சுமார் 5 சதவீதம் ஆகிவிட்டது என்று அர்த்தம். குமிழ் நின்றுவிட்டதே என்று, ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்க்காமலே, நுரை வரச் சர்க்கரை கலந்து பாட்டிலில் அடைத்துவிட்டேன். உள்ளே வேலை முடியாத ஈஸ்டுக்கு மேலும் தீனி, பாட்டிலுக்குள் மேலும் வாயு. பத்து நாள் கழித்து நள்ளிரவில் அலமாரிக்குள் வெடி. ஒன்று, இரண்டு, அப்புறம் சரம். காலையில் கையுறை போட்டுக் கண்ணாடிச் சில்லு பொறுக்கினேன். அன்றிலிருந்து பாட்டில்கள் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள்தான்.

இன்னொன்று சூடு. நொதிக்கும்போது பக்கெட் தானாகவே சில டிகிரி சூடாகும். நான் போடும் ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாண்டில் வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. கராஜில் இருந்த பீர் நெயில் பாலிஷ் வாசம் அடித்தது; மொத்தமும் சாக்கடைக்கு. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் வாங்கியது அதற்குப் பிறகுதான். நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அது.

இனி கொடி. நான் வைத்தது கேஸ்கேட். இங்கிருந்து தெற்கே கொர்வாலிஸில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வில் பிறந்து 1972இல் வெளியான ரகம், அதனால் இந்த மண் அதற்குத் தாய்வீடு. ஹாப்ஸில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. நமக்கு வேண்டிய பூ பெண்ணில்தான் வரும். முதல் வருஷம் கிடைத்தது இரண்டு கைப்பிடி. மூன்றாம் வருஷத்திலிருந்து இரண்டு செடியிலும் சேர்த்து மூன்று கிலோ பச்சைப் பூ. காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

கொடி ஏற ஐந்தாறு மீட்டர் உயரத்துக்குக் கயிறு கட்ட வேண்டும். நைலான் வழுக்கும், சொரசொரப்பான கயிறுதான் சரி. இந்த வட்டாரத்து ஹாப்ஸ் தோட்டங்களில் என்ன கயிறு கட்டுகிறார்கள் என்று விசாரித்தால், இலங்கையிலிருந்து வரும் தேங்காய் நார்க் கயிறு! ஊரில் கிணற்றடியில் கிடந்ததைத் தேடி இங்கே கடை கடையாக அலைந்தேன். ஏப்ரலில் ஏழெட்டுத் தளிர் கிளம்பும். கயிற்றுக்கு இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். கொடியின் முள்மயிர் கையைக் கீறும், முழுக்கைச் சட்டை போடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் பூவும் காய்ச்சிய சக்கையும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. நாய்க்கு அது விஷம்.

ஆகஸ்ட் கடைசியில் பூ காகிதம் மாதிரி சரசரக்கும். பிய்த்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி. விரலில் தேய்த்தால் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளின வாசனை, கூடவே கொஞ்சம் பிசுபிசுப்பு. அந்த வாசனைக்காகத்தான் இத்தனை பாடும். வடாம் போல வெயிலில் காயப்போடச் சொன்னார் அம்மா. கூடாது, வெயிலில் அந்த வாசனை போய்விடும். நிழலில் வலைத்தட்டில் பரப்பி ஃபேன் போட்டால் மூன்று நாள்.

வீட்டு ஹாப்ஸில் ஒரு சிக்கல் உண்டு. கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் எவ்வளவு என்று கடைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும். நம் கொடியில் யார் அச்சிடுவது? ஒருமுறை குத்துமதிப்பாக அள்ளிப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். நிலவேம்புக் கஷாயம் தோற்றது. இப்போது கசப்புக்குக் கடைச் சரக்கு, வாசனைக்கு வீட்டுச் சரக்கு. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, பறித்த அன்றே அரைக் கிலோ பச்சைப் பூவைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் போட்டுக் காய்ச்சுவேன். இது மட்டும் கடைகளில் சுலபத்தில் கிடைக்காது, செப்டம்பரில் சில ப்ரூவரிகள் போடுவதைத் தவிர.

ஊர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வயதுவந்த இருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சினால் போலீஸ் வரும். கொடியும் அங்கே தேறாது. அதற்கு நீண்ட கோடைப் பகல் வேண்டும், இங்கே ஜூனில் 15 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம்.

கடைசியாக ஒரு குறை: கிழங்கு மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும். வருஷா வருஷம் மார்ச்சில் மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டுகிறேன். போன வருஷம் வெட்டியதில் இரண்டைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்கினார். இப்போது அவர் கொடி வேலியைத் தாண்டி என் தக்காளிப் பாத்தியில் இறங்குகிறது.