ஒரே நாளில் ஒரு மாதமா, தினமும் இரண்டு மடங்கா? ஃப்ரீசர் சமையலில் நான்கு வழிகள்

ஃப்ரீசருக்காகச் சமைத்து வைப்பது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு முழு விடுமுறை நாள்தான். காலையில் பற்றவைத்த அடுப்பு இரவு வரை எரியும், ஒரு மாதச் சாப்பாடு டப்பாக்களில் போய்ச் சேரும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்புறம் வேறு மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். அன்றாடச் சமையலையே இரண்டு மடங்காகச் செய்து பாதியை எடுத்து வைப்பது ஒன்று. முழு உணவாக இல்லாமல் வெந்த கடலை, வதக்கிய வெங்காயம் தக்காளி, வேகவைத்த கறி என்று அடிப்படைகளை மட்டும் வைப்பது இன்னொன்று. எதையும் வேகவைக்காமல் நறுக்கி, மசாலா பிசிறி, பச்சையாகவே பையில் கட்டி வைப்பது மூன்றாவது.

இவற்றில் எது அதிக நேரம் மிச்சப்படுத்தும் என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. சமைத்த அன்று எத்தனை டப்பா சேர்ந்தது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, எல்லோரும் களைத்திருக்கும் ஒரு மாலையில் அந்த டப்பா எவ்வளவு வேலை வைக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் அதை விரும்பிச் சாப்பிடுகிறார்களா என்பதை வைத்தே இந்த நான்கையும் எடைபோடுகிறேன்.

ஒரே நாளில் எல்லாம்

இதன் பலம் வெளிப்படையானது. பாத்திரம் கழுவுவது ஒரு தடவை, காய் நறுக்குவது ஒரு தடவை, அதற்குப் பிறகு மூன்று நான்கு வாரங்களுக்குச் சுடவைப்பது மட்டும்தான். வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது, யாருக்கோ அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றால் இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட நாட்களில் சமையலறையில் கால் வைக்காமல் இருப்பதே பெரிய உதவி.

ஆனால் சாதாரண மாதங்களுக்கு இது ஒத்துவருவதில்லை. முதல் காரணம் ஃப்ரீசரின் சக்தி. ஏற்கெனவே உறைந்ததை உறைந்தபடி வைத்துக்கொள்வதற்காகத்தான் வீட்டு ஃப்ரீசரைச் செய்திருக்கிறார்கள். புதிதாக வரும் உணவை உறையவைக்க அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 30 முதல் 50 கிராம் வரைதான் புதிய உணவு வைக்கலாம். 60 லிட்டர் ஃப்ரீசர் என்றால் இரண்டு அல்லது மூன்று கிலோ. ஒரு நாள் முழுக்கச் சமைத்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ சுலபமாகச் சேர்ந்துவிடும்.

என் முதல் முயற்சியில் பதினான்கு டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மறுநாள் காலையிலும் நடுவில் இருந்த இரண்டு கூழாகவே இருந்தன. அவ்வளவு நேரம் அவை என்ன சூட்டில் இருந்தன என்று தெரியாததால் இரண்டையும் கொட்டிவிட்டேன். உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் அவை வேகமாகப் பெருகும். அதனால் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனத்துக்குள் போயாக வேண்டும். பெரிய பாத்திரத்தில் இருக்கும் குழம்பு அதற்குள் தானாக ஆறாது. ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்ற வேண்டும், அல்லது பனிக்கட்டி போட்ட தண்ணீரில் பாத்திரத்தை இறக்கி வைத்துக் கிளற வேண்டும். ஆறு வகை உணவுக்கும் ஒரே நாளில் இதைச் செய்வது தனிப் பாடு.

மெதுவாக உறைந்தால் ருசியும் கெடும். உணவில் உள்ள நீர் நிதானமாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் உருவாகி காய், கறியின் செல்களைக் கிழித்துவிடுகின்றன. இளகும்போது சாறு வெளியே வந்து, சக்கை மிஞ்சும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சின்னதாகவே இருக்கும். 1910களில், இன்றைய கனடாவின் கிழக்கே இருக்கும் லாப்ரடாரின் கடுங்குளிரில் பிடித்த மீன் அப்படியே விறைத்துப் போவதையும், சமைக்கும்போது அது புது மீன் போலவே இருந்ததையும் கவனித்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1920களில் குளிர்ந்த உலோகத் தட்டுகளுக்கு நடுவே உணவை அழுத்தி வேகமாக உறையவைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். நம் வீட்டில் இதே கருத்தைச் செயல்படுத்தக் கனமான டப்பாவுக்குப் பதில் ஜிப் பை போதும். குழம்பை ஊற்றி, காற்றை வெளியேற்றி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாகப் படுக்கவைத்தால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். இளகுவதும் சீக்கிரம். நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

தினசரிச் சமையலில் இரண்டு மடங்கு

எதுவும் தெரியாமல் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். எப்படியும் அடுப்பு எரிகிறது, கத்தியும் பலகையும் வெளியே இருக்கின்றன. கூடுதலாகப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். வாரத்துக்கு மூன்று நாள் செய்தால் மாதம் பன்னிரண்டு வேளை சேர்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பைதான் உள்ளே போகிறது என்பதால் ஃப்ரீசர் திணறாது.

இரண்டு சங்கடங்கள் உண்டு. பரிமாறியபின் மிச்சத்தை எடுத்து வைக்கலாம் என்று இருந்தால் மிச்சமே இருக்காது, ருசியாக இருந்தால் எல்லோரும் இன்னொரு கரண்டி கேட்பார்கள். தட்டு வைப்பதற்கு முன்பே பாதியை எடுத்துவிட வேண்டும். அடுத்தது, அன்றைய சமையல் உறைநிலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டுமே! உருளைக்கிழங்கு மணல்மணலாகிவிடும். வேகவைத்த முட்டையின் வெள்ளை ரப்பர் ஆகும். தயிரும் கிரீமும் திரியும், மாவு கரைத்துக் கெட்டியாக்கிய சாறு தண்ணீர் விட்டுப் பிரியும். பூண்டும் மிளகும் கிராம்பும் ஃப்ரீசரில் தூக்கலாகிக் கசப்புத் தட்டும், உப்போ மங்கும். அதனால் உருளைக்கிழங்கு, கிரீம், கடைசி மசாலா இவற்றைச் சேர்ப்பதற்கு முன் பாதியைத் தனியாக எடுத்துவிடுங்கள். சுடவைக்கும் அன்று அவற்றைப் புதிதாகச் சேர்த்தால் ருசி எவ்வளவோ மேல்.

சாதத்தையும் இப்படி வைக்கலாம், ஆனால் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சுடவைத்தாலும் அந்த நச்சு போகாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

அடிப்படைகள்

என் வீட்டில் நிலைத்த வழி இது. ஏன் என்றால் இதில் அலுப்பு இல்லை. முழு உணவாக வைத்தால் மூன்றாவது தடவை எடுக்கும்போதே "திரும்பவும் இதுவா?" என்ற குரல் வந்துவிடும். வதக்கி அரைத்த வெங்காயத் தக்காளி விழுது அப்படி இல்லை. ஒரு நாள் அதில் கொண்டைக்கடலை விழுகிறது, ஒரு நாள் மீன், இன்னொரு நாள் தண்ணீர் சேர்த்து சூப். ஒரே பை, மூன்று விதமான மாலை.

அதோடு, ஃப்ரீசரால் கெடுவதற்கு இவற்றில் அதிகம் இல்லை. விழுதுக்குக் கெட வேண்டிய மொறுமொறுப்பு எதுவும் கிடையாது. வெந்த கடலையும் ராஜ்மாவும் உறைந்து இளகினாலும் வடிவம் குலைவதில்லை. ஒரு கிலோ காய்ந்த கடலையை இரவு ஊறவைத்து வேகவைத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். அதை ஒரு வேளை அளவுக்குப் பிரித்துவிட்டால் ஊறவைக்க மறந்த நாட்களைப் பற்றிய கவலையே இல்லை. சிறிய அளவுகளுக்கு ஐஸ் தட்டு நல்லது. விழுதை அதில் உறையவைத்து, கட்டிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் தேவையானதை மட்டும் எடுக்கலாம்.

வெந்த கறியை வைப்பதாக இருந்தால், வேகவைத்த சாறோடு சேர்த்து வையுங்கள். காற்றுப் படும் இடத்தில் பனி நேரடியாக ஆவியாகிப் போய் கறி வெளுத்துக் காய்ந்துவிடும். சாப்பிட்டால் ஆபத்து இல்லை, ஆனால் அட்டை மாதிரி இருக்கும். சாறு அதைக் காக்கிறது. டப்பாவில் ஊற்றினால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் வரை விரியும், கண்ணாடி பாட்டில் என்றால் விரிசல் நிச்சயம்.

இதன் குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். மாலையில் இருபது இருபத்தைந்து நிமிடம் யாராவது அடுப்படியில் நிற்க வேண்டும், அவருக்குச் சமைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நான் வெளியூர் போனால், பதின்பருவப் பிள்ளைகள் அந்த விழுதுப் பையை வைத்துக்கொண்டு விழிப்பார்கள். சமைக்கத் தெரியாதவர்தான் எடுத்துச் சாப்பிடப் போகிறார் என்றால் முழு உணவே சரி.

பச்சையாகக் கட்டி வைப்பது

கட்டி வைக்கும் அன்று வேலை மிகக் குறைவு. ஆறவைக்கும் கவலை இல்லை, சாப்பிடும் அன்று சமைத்த மணமும் கிடைக்கும். ருசி குறையாமல் இருக்கும் காலமும் நீளம்: பச்சைக் கோழித் துண்டுகள் ஒன்பது மாதம் வரை நன்றாக இருக்கும், அதையே குழம்பாக வைத்தால் இரண்டு மூன்று மாதம்தான். கொத்துக்கறிக்கு மட்டும் பச்சையிலும் மூன்று நான்கு மாதம். இந்தக் கணக்குகள் ருசிக்குத்தான். மைனஸ் 18 டிகிரியில் விடாமல் உறைந்திருக்கும் உணவு அதற்குப் பிறகும் பாதுகாப்பானதே.

ஆனால் இந்த வழிக்கு முந்தைய நாளே நினைவு வேண்டும். முதல் நாள் இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு, ஒழுகினாலும் வேறு எதன் மேலும் படாதபடி ஒரு தட்டில் வைத்து மாற்ற வேண்டும். மறந்தால் நீர் புகாத பையைக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். மேடையிலேயே போட்டுவைத்து இளகவிடுவது கூடாது, உள்ளே கல்லாக இருக்கும்போதே மேற்பரப்பு வெதுவெதுப்பாகிவிடும். உறைந்த பொதியை நேராக ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரம்) போடுவதும் இதே காரணத்துக்காகத் தவறு. ஊறிய ராஜ்மாவை வேகவைக்காமல் அந்தப் பொதியில் சேர்ப்பது இன்னும் மோசம். அதில் இயற்கையாகவே இருக்கும் நச்சு, நன்றாகக் கொதித்தால்தான் அழியும், ஸ்லோ குக்கரின் மெல்லிய சூடு அதற்குப் போதாது. பெரும்பாலான பச்சைக் காய்களையும் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுக்காமல் உறையவைத்தால் அவற்றில் உள்ள நொதிகள் நிறத்தையும் ருசியையும் மெல்ல மாற்றிவிடும். வேலை குறைவு என்று தேர்ந்தெடுத்த வழியில் இப்படி வேலை வந்து சேர்கிறது. எலுமிச்சையிலோ வினிகரிலோ வாரக்கணக்கில் ஊறும் கறியும் குழைந்துபோகும், புளிப்பை இளகியபின் சேருங்கள்.

என் தேர்வு

ஃப்ரீசரில் பாதிக்கு மேல் அடிப்படைகள். கால்வாசி இடம் இரண்டு மடங்கில் எடுத்து வைத்த முழு உணவுக்கு, நான் இல்லாத நாட்களுக்காக. மலிவாகக் கறி கிடைத்த வாரத்தில் இரண்டு மூன்று பச்சைப் பொதிகள், அவ்வளவுதான். ஒரே நாளில் மொத்தச் சமையல், தேதி தெரிந்த பெரிய நிகழ்வுக்கு முன்னால் மட்டும், அதுவும் மூன்று நான்கு நாட்களாகப் பிரித்து. இரண்டு பேர் மட்டும் உள்ள வீடாக இருந்தால் அடிப்படைகள்கூட வேண்டியதில்லை, இரண்டு மடங்கே தாராளம். எதை எடுத்தாலும் ஆவி பறக்க, நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடும்வரை சுடவைக்க வேண்டும்.

பையில் ஊற்றுவதற்கு முன்பே அதன் மேல் எழுதிவிடுகிறேன், உறைந்தபின் எழுத்து ஒட்டாது. என்ன உணவு, எந்தத் தேதி, எத்தனை பேருக்கு, எடுத்தபின் என்ன சேர்க்க வேண்டும் என்று நான்கு வரி. போன வாரம் நான் வீடு திரும்பத் தாமதமானது. மூத்தவள் ஒரு பையை எடுத்து, "இரண்டு உருளைக்கிழங்கு வேகவைத்துப் போடவும், உப்புப் பார்க்கவும்" என்று எழுதியிருந்ததைப் படித்து, அப்படியே செய்து வைத்திருந்தாள்.