தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கரப்பான் மருந்து: கொளத்தூர் அனுபவம்

பேத்திக்குப் பத்து மாதம். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகிற வயது. சிங்குக்கு அடியில் சின்னக் கரப்பான் பெருகிப்போய், போன மாதம் இந்த பெஸ்ட் கண்ட்ரோல்காரர்களைக் கூப்பிட்டேன்.

இவர்களுக்கு முன்னால் வேறொருவர் வந்தார். தண்ணீர் பாட்டிலில் வெள்ளையாக எதையோ கரைத்துக்கொண்டு வந்திருந்தார். என்ன மருந்து என்று கேட்டால், "எல்லார் வீட்லயும் அடிக்கிறதுதாம்மா" என்றார். லேபிளே இல்லை. வாசலோடு அனுப்பிவிட்டேன். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம், எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தார்களே, அந்தச் செய்தி இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

இவர்களிடம் போனிலேயே லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். காசு வாங்கிக்கொண்டு பூச்சி மருந்து அடிக்கிற யாரும் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லைசன்ஸ் எடுத்திருக்க வேண்டும். வந்த தம்பி செருப்பைக் கழற்றினதும் முதல் வேலையாக அதன் நகலைத்தான் நீட்டினார். அப்புறம் மருந்து. இமிடாக்ளோபிரிட் 2.15 சதவீத ஜெல், சிரிஞ்சில், சீல் பிரிக்காமல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளில் இருந்த சாய்சதுரத்தைப் பார்த்தேன். அதன் கீழ்ப்பாதி நிறம்தான் விஷத்தின் கடுமையைச் சொல்லும்: சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. சிவப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் சமையலறைக்குள் விட்டேன்.

எங்கள் அப்பா வயலுக்கு ஃபாலிடால் என்ற பூச்சி மருந்து அடித்த ஆள். டப்பாவை மாட்டுக்கொட்டகைப் பரணில் வைப்பார், அந்தப் பக்கமே எங்களை விடமாட்டார். அதில் இருந்த பாரத்தியான் என்ற விஷம் உணவுப் பொருளில் கலந்துதான் 1958இல் கேரளத்திலும் நம் மதராஸ் மாநிலத்திலும் பலர் செத்தார்கள். அதற்காக விசாரணைக் கமிஷன் வைத்து, பத்து வருஷம் கழித்து வந்தது இந்தச் சட்டம். லேபிள் இல்லாத பாட்டில் குற்றம் என்று அதில் எழுதியிருப்பதற்கு அத்தனை உயிர் போயிருக்கிறது.

தம்பி வேலையில் குறை சொல்ல முடியாது. கடுகளவு, கடுகளவாக கீல்களிலும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் ஜெல்லை வைத்தார். தின்ற கரப்பான் பொந்துக்குப் போய்ச் சாகும், அதன் எச்சத்தைத் தின்று மற்றதும் சாகும், அதனால் மேலே ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீங்கம்மா என்றார். கீழ்த்தட்டில் இரண்டு பொட்டு பேத்தி கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. சொன்னதும் துடைத்து எடுத்துவிட்டு மேல் கீலில் வைத்தார். காலி சிரிஞ்சையும் துடைத்த பஞ்சையும் பையில் கட்டி அவரே எடுத்துப்போனார். நீர்நிலை கெடாதபடிதான் காலி டப்பாவை அப்புறப்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்தவளுக்கு அது பெரிய விஷயம்.

ஒரே குறை. மருந்தோடு வரும் துண்டுப்பிரசுரத்தை அவர் கொண்டுவரவில்லை, ஆபீஸில் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறதாம். விஷம் ஏறினால் என்ன அறிகுறி, என்ன முதலுதவி என்று தமிழிலும் அச்சிட்டிருப்பது அதில்தான். இரண்டு தடவை போன் போட்ட பிறகு சாயங்காலம் வாட்ஸப்பில் வந்தது. இந்த மருந்துக்கென்று தனி முறிவு மருந்து கிடையாது, அறிகுறி பார்த்துத்தான் வைத்தியம். இதை ஜெல் வைப்பதற்கு முன்னால் அல்லவா நான் படித்திருக்க வேண்டும்? இதற்காகத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.

1,500 ரூபாய் ஆனது. முதல் வாரம் காலையில் நாலைந்து கரப்பான் மல்லாந்து கிடந்தது, பத்து நாளுக்கு மேல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பில்லில் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் எழுதித் தரச் சொன்னேன், மறுக்காமல் எழுதினார். பேத்தியின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.