ஒன்பது பூட்டு ட்ரைபாட்: மலையில் புழங்கிய அனுபவம்

நான் வைத்திருக்கும் கார்பன் ஃபைபர் ட்ரைபாட், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலி, விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கேட்ட நேரம் சரியில்லை. என்னுடையது அப்போதுதான் பழுதுபார்த்துத் திரும்பி வந்திருந்தது. வந்த கையோடு ஓர் ஓடைக்கரைக்கு எடுத்துப் போனேன், பூட்டுகளில் மணல் அரைபடும் பழைய நறநறப்பு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதுகிறேன், அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள். எடை, உயரம், தாங்கும் சுமை எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். அதற்குள் போகவில்லை.

முதலில் நியாயமாக அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நிற்கும் உறுதியில் இதைக் குறை சொல்ல முடியாது. நடுத்தண்டு இல்லாத வடிவம் என்பதால் கால்களை அகல விரித்தால் கேமரா கிட்டத்தட்ட தரையில் படுத்துவிடும். பாறையோரப் பாசி, ஈரத்தில் உட்கார்ந்திருக்கும் தவளை, விரல் உயரப் பூ என்று நான் எடுப்பதில் பாதி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அப்புறம் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டு கிளம்பியவன் மேலே விடியலுக்குக் காத்திருக்கும்போது விரல்கள் விறைத்துப் போயிருக்கும். அந்த நேரத்தில் வெறும் கையால் அலுமினியக் காலைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு கார்பன் ஃபைபர் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. எடை குறைவு என்பதைவிட, கையைக் கடிக்காது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

சரி, இப்போது பூட்டுகள்.

ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நான்கு அடுக்குக் குழாய். ஒரு காலுக்கு மூன்று பூட்டு, மொத்தம் ஒன்பது. எல்லாமே திருகிப் பூட்டும் ட்விஸ்ட் லாக். கால்களை ஒன்றாக மடக்கிப் பிடித்தால் ஒரு காலின் மூன்று பூட்டையும் ஒரே பிடியில் திறந்துவிடலாம். கடை மேசையில் இதைச் செய்து காட்டினால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் கடை மேசையில் வெளிச்சம் இருக்கிறது, கையுறை இல்லை, தரை சமமாக இருக்கிறது. மலையில் மூன்றுமே தலைகீழ். சரிவில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, மூன்றாவது கால் எங்கோ பாறை இடுக்கில். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் திருக வேண்டும்.

அதிலும் ஒரு கூத்து இருக்கிறது. பைக்குள் அடங்க வேண்டும் என்று கால்களை மேலே திருப்பி, கேமரா மாட்டும் தலையைச் சுற்றி மடக்கும்படி செய்திருக்கிறார்கள். பையிலிருந்து எடுக்கும்போது பாதம் மேலே பார்த்திருக்கும். அப்போது எந்தப் பக்கம் திருகினால் திறக்கிறதோ, நிமிர்த்தி வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கும்போது அதே பக்கம் திருகினால் பூட்டிக்கொள்ளும். பகலில் இது ஒரு விஷயமே இல்லை. விடியலுக்கு முன்னால், ஹெட்லேம்ப்பை அணைத்துவிட்டு, தடித்த கையுறையோடு, கிழக்கே வெளுக்கிறதே என்ற பதற்றத்தில் திருகும்போது எது திறந்தது, எது பூட்டியது என்று கைக்குத் தெரியாது. நெம்பிப் பூட்டும் ஃபிளிப் லாக் என்றால் நெம்புகோல் படுத்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாலே போதும். இதில் தடவினால் உருண்டையாக ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். திறந்த பூட்டும் மூடிய பூட்டும் விரலுக்கு ஒன்றே.

பாதி பூட்டிய பூட்டு உடனே காட்டிக்கொடுத்தால்கூடப் பரவாயில்லை, சரிந்தால் பிடித்துக்கொள்ளலாம். இது மெதுவாக இறங்கும். ஒரு மாலை, பள்ளத்தாக்கில் மூடுபனி ஆறாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் முப்பது விநாடி திறந்திருக்கும்படி எக்ஸ்போஷர் வைத்து வரிசையாக எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அருமையாகத் தெரிந்தன. அறைக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால், எல்லாப் படத்திலும் மலை முகடுகளுக்கு இரட்டை விளிம்பு. ஒரு காலின் கடைசி அடுக்கு, மில்லிமீட்டர் கணக்கில், நான் மூடுபனியை ரசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பூட்டு இறுகித்தான் இருந்தது. உள்ளே தேய்ந்து விரிசல் விட்டிருந்தது பிளாஸ்டிக் பட்டை. குழாயைக் கவ்விப் பிடிக்க வேண்டியது அந்தப் பட்டைதான், வெளியே நாம் திருகும் வளையம் அதை நெருக்க மட்டும்தான் செய்யும்.

அதற்காகத்தான் பழுதுபார்க்க அனுப்பினேன். மணலாலும் நீராலும் வந்த தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது. விதி அப்படியென்றால் அப்படித்தான், சண்டை போடவில்லை. ஆனால் அவர்கள் பெட்டியின் மேலேயே இந்த ட்ரைபாட் ஓடும் மலையாற்றின் நடுவே, முழங்கால் தண்ணீரில் நிற்கிற மாதிரிதான் படம் போட்டிருக்கிறார்கள்! அந்தப் படத்தை எடுத்தவர் அன்று ராத்திரி என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் செய்கிற அதே வேலையைத்தான்.

வெளியே சுற்றிவிட்டு வந்தவனின் இரவு எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்கு: கேமரா பையை உடனே திறப்பதில்லை. குளிரிலிருந்து வந்த லென்ஸ் அறையின் சூட்டில் வேர்த்துவிடும் என்பதால் பை மூடியபடியே ஒரு மூலையில் கிடக்கும். குளிரில் சீக்கிரம் துவண்டுபோகிற பேட்டரிகளை உள்சட்டைப் பையிலிருந்து எடுத்து சார்ஜில் போட வேண்டும். கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் நகலெடுக்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ரைபாட். கடைசி அடுக்கு மூன்றையும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, மரையில் சிக்கிய மணலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்து, துடைத்து, இரவெல்லாம் பிரித்தபடியே உலர விட வேண்டும். காலையில் மரைக்கு ஒரு பூச்சு கிரீஸ். அதிகமாகப் போட்டால் அடுத்த மணலை அதுவே கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். கழற்றும்போது பட்டைகள் தனியாக விழும், திரும்பப் போடும்போது அவற்றின் குமிழ் குழாயின் துளையில் சரியாக உட்கார வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இதைச் செய்து பாருங்கள், வடிவமைத்தவரைத் திட்டாமல் முடிக்க முடியாது.

இப்படிப் புலம்பும்போதெல்லாம் யாராவது அமெரிக்க இயற்கைப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸை இழுத்துவிடுவார்கள். 1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறை முகத்தை எடுக்க மனிதர் கண்ணாடித் தகடுகளையும் மரக்கால் ட்ரைபாடையும் சுமந்துகொண்டு பனியில் ஏறினார், உனக்கு இந்த இரண்டு கிலோ வலிக்கிறதா என்பார்கள். எனக்கு எடை எப்போதுமே வலித்ததில்லை. மரக்காலின் திருகு வெளியே தெரியும், இறுகியிருக்கிறதா என்று கண்ணும் சொல்லும் கையும் சொல்லும். என் புகார் அதுதான்.

கேமராவிலேயே நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி வந்துவிட்டதே, ட்ரைபாடே எதற்கு என்றும் நண்பர் கேட்டார். அந்த வசதி என் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். வெளிச்சத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் மாட்டி, அருவியின் நீர் இழையாகத் தெரிய ஒரு விநாடி வைத்தால் சில கைகளுக்கு அதுவும் சாத்தியம்தான். நட்சத்திரத்துக்கு முடியாது. நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க, 20 மி.மீ. லென்ஸில் 500-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 25 விநாடி என்பது பலரும் வைத்துக்கொள்ளும் தோராய வரம்பு, அதுவரை எந்தக் கையும் தாங்காது. அருகில் பூ, தூரத்தில் சிகரம், இரண்டும் கூர்மையாக வேண்டுமென்றால் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுக்க வேண்டும், அதற்கும் கேமரா அசையாமல் இருப்பது நல்லது. இதையெல்லாம்விட, சட்டகத்தை ஒருமுறை அமைத்துவிட்டால் கை ஓய்ந்துவிடும். மேகம் விலகுமா, அந்த ஒரு கீற்று வெளிச்சம் எந்தச் சரிவில் விழும் என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. பெரும்பாலான நாட்களில் எங்கும் விழாது என்பது வேறு விஷயம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடியில் உள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். முகட்டில் பை ஊசலாடி, உள்ளதையும் ஆட்டிவைக்கும். பையின் அடி தரையைத் தொடும்படி விட்டால்தான் பலன். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸின் முன்னால் மாட்டும் ஹுட் என்ற நிழல் வளையம் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும், வெயில் நேராக அடிக்காதபோது கழற்றிவிடுங்கள். மெலிந்த கடைசி அடுக்கை நீட்டவே வேண்டாம். இதையெல்லாம் செய்தால், ஆளே நிற்கத் தடுமாறும் காற்றிலும் இந்த ட்ரைபாட் கூர்மையான படம் கொடுக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆக, வாங்கலாமா? வேண்டாம். போன மாதம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றிருப்பேன். இன்றைக்கு என் வாயில் அது வராது. மூன்று அடுக்கு, ஃபிளிப் லாக், கொஞ்சம் கனமானாலும் பரவாயில்லை என்று தேடுங்கள். விலை குறைந்ததைப் பார்த்து மனம் கேட்காமல் இதையே வாங்கினீர்களென்றால், முதல் வேலையாக ஒவ்வொரு பூட்டின் மேலும், அதை ஒட்டிய குழாயின் மேலும் வெள்ளை பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பூட்டியிருக்கும்போது இரண்டு கோடும் நேராக நிற்க வேண்டும், ஹெட்லேம்ப்பை ஒரு நொடி போட்டால் தெரிந்துவிடும். மாற்றுப் பட்டை ஒரு செட்டும் கூடவே வாங்கிவிடுங்கள். உடைந்த பிறகு ஆர்டர் போட்டால், அது வந்து சேர்வதற்குள் மூடுபனிக் காலமே முடிந்துவிடும்.