இரத்த ஓட்ட மதிப்பீட்டு அட்டைகள்: வெற்று வரைபடத்துக்காக வாங்கலாம்

பத்தாம் வகுப்பில் இரத்தச் சுற்றோட்டப் பாடம் முடிந்ததும், மாணவர்கள் எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக நாகர்கோவிலில் 380 ரூபாய் கொடுத்து இந்தத் தொகுப்பை வாங்கினேன். 40 கேள்வி அட்டைகளும் வெற்று உடல் வரைபடம் ஒன்றும் விடைத்தாள் ஒன்றும் இதில் உள்ளன. தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் பள்ளியில் இரண்டு பிரிவுகளில் பயன்படுத்திப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

கேள்வி அட்டைகள் பெரும்பாலும் மனப்பாடத்தையே சோதிக்கின்றன. இதயத்தின் அறைகள் நான்கு, இயல்பான இரத்த அழுத்தம் 120/80 என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். இதயத்தின் இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவர் வலதைவிடத் தடித்திருப்பது ஏன் என்று கேட்கும் அட்டை ஒன்றுகூட இல்லை.

கொடுத்த காசுக்குப் பயன் அந்த வெற்று வரைபடத்தில்தான் இருக்கிறது. கால் பெருவிரலை அடைந்த இரத்தம் அடுத்து எங்கே போகும் என்பதை அம்புக்குறிகளால் வரையச் சொல்கிறது அது. அட்டைகளுக்கெல்லாம் சரியான விடை சொன்ன மாணவி ஒருத்தி அம்புக்குறியைப் பாதத்திலேயே நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டதற்கு, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் வழியே கடைமடை வயல்வரை பாய்ந்து அங்கேயே தீர்ந்துவிடுகிறதல்லவா என்றாள். தவறுதான், ஆனால் கல்லீரலில் உண்டாகும் இரத்தத்தை உறுப்புகள் செலவழித்துத் தீர்த்துவிடுகின்றன என்று பண்டைய கிரேக்க மருத்துவர் காலென் காலந்தொட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்களே நம்பிவந்தார்கள். 1628-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி அதைக் கணக்குப் போட்டே மறுத்தார். அதே வழியில், இன்று நாம் அறிந்த அளவுகளைக் கரும்பலகையில் எழுதினேன்: இதயம் வெளித்தள்ளுவது துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்புகள், ஆக நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர். உடலில் இருப்பதோ மொத்தமே 5 லிட்டர் என்றதும், அம்புக்குறியை இதயத்துக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதை அவளே கண்டுகொண்டாள்.

விடைத்தாளில் நுரையீரல் தமனிக்குச் சிவப்பையும் நுரையீரல் சிரைக்கு நீலத்தையும் அச்சிட்டிருப்பது பெரும்பிழை. ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தத்துக்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம் என்பது வழக்கம்; நுரையீரல் தமனி கொண்டுசெல்வது ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் என்பதால், நிறங்கள் இடம் மாறியிருக்க வேண்டும். தமனி என்றாலே ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம்தான் என்று ஆண்டுதோறும் மாணவர்களின் தேர்வு விடைத்தாள்களில் நான் காணும் குழப்பத்தை இது உறுதிப்படுத்திவிடும். கடைக்காரரிடம் காட்டினேன், பதிப்பாளருக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார். அதுவரை அந்தத் தாளை அலமாரியில் பூட்டிவிட்டு, வரைபடத்தை மட்டும் நகலெடுத்துப் பயன்படுத்துகிறேன்.