ஆரஞ்சை வச்சு விக்சனரியை அலசுனா: ஒரு ரிவ்யூ

சொல்லோட வேர் தேடணும்னா எதுல பாக்கலாம்னு யார் கேட்டாலும் நான் கை காட்டுறது விக்சனரிங்கிற ஆன்லைன் அகராதியை, அதுலயும் இங்கிலீஷ் விக்சனரியை. விக்கிபீடியாவை நடத்துற அதே விக்கிமீடியாவோடது, 2002 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, காசு இல்ல, விளம்பரம் இல்ல, லாகின்கூட வேணாம். விளக்கம்தான் இங்கிலீஷ்ல இருக்கும், சொல்லு எந்த மொழியா இருந்தாலும் தேடலாம்.

இதோட பவர் தெரியணும்னா இங்கிலீஷ்ல orangeனு போட்டுப் பாருங்க. மொழிபெயர்ப்புப் பெட்டி மூடி இருக்கும், தட்டித் திறக்கணும். திறந்தா ஸ்பானிஷ்ல நரான்ஹா, போர்ச்சுகீஸ்ல லரான்ஜா, ஹங்கேரியன்ல நரான்ச், இதெல்லாம் ஒரே குடும்பம்னு பாத்ததுமே தெரிஞ்சிரும். ஆனா அதே பெட்டியில ருமேனியன், பல்கேரியன், கிரீக் எல்லாம் போர்த்துகல் நாட்டுப் பேர வச்சு போர்த்தொகாலி மாதிரி சொல்றாங்க, டச்சுல சீனாஸ்ஆப்பல், ஸ்வீடிஷ்லயும் ரஷ்யன்லயும் அப்பெல்சின், அதாவது சீனா ஆப்பிள். ஒரே பழத்துக்கு மூணு ஊர் அட்ரஸ்!

ஏன்னா வந்தது ரெண்டு பழம். கசப்பு ஆரஞ்சு அரபுக்காரங்க வழியா ஸ்பெயின், சிசிலிக்கு முன்னாடியே போயிருச்சு, கூடவே நாரஞ்ச்ங்கிற அரபுப் பேரும் போச்சு. இனிப்பு ஆரஞ்சு பின்னாடி, 1500கள் வாக்குல போர்ச்சுகீஸ் வியாபாரிங்க கையால பரவுச்சு, அதனால கொண்டு வந்தவன் பேரையோ விளைஞ்ச நாட்டுப் பேரையோ வச்சுட்டாங்க. கிரீக்ல இன்னைக்கும் ரெண்டு பேரும் தனித்தனியா உயிரோட இருக்கு, இனிப்புன்னா போர்த்தொகாலி, கசப்புன்னா நெரான்ட்ஸி. ஏதென்ஸ் தெருவோரத்துல நிறைய நிக்குறது இந்த நெரான்ட்ஸி மரம்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, ரெண்டு பழத்தோட வருகையும் ஒரே மொழிக்குள்ள அப்படியே பதிவாகி நிக்குது.

நிறத்துக்குத் தனிப் பெட்டி இருக்கு, அதை விட்டுடாதீங்க. டச்சுல பழம் சீனாஸ்ஆப்பல், நிறம் மட்டும் ஒரான்யெ. இதுக்குள்ள இன்னொரு கதை, தெற்கு பிரான்ஸ்ல ஒராஞ்ஜ்னு ஒரு ஊர், ரோமானியர் காலத்துல அதுக்கு அரௌசியோன்னு பேர், பழத்துக்கும் அதுக்கும் முதல்ல சம்பந்தமே இல்ல, பின்னாடி உச்சரிப்பு ஒண்ணாயிருச்சு. 1544ல அந்த ஊரோட பிரபுப் பட்டம் வில்லியம்ங்கிறவருக்கு (பின்னாடி டச்சுக்காரங்களோட விடுதலைத் தலைவர்) வந்து, அவர் வம்சம் டச்சு அரச வம்சமாகி, இன்னைக்கு நெதர்லாந்து ஃபுட்பால் ரசிகர்கள் போடுற ஆரஞ்சு நிற ஜெர்ஸி வரைக்கும் வந்து நிக்குது.

இன்னொண்ணு, இங்கிலீஷ்காரங்கதான் முன்னாடி இருந்த 'ந'வை முழுங்கிட்டாங்கன்னு நிறைய பேர் எழுதுறாங்க, அது தப்பு. இத்தாலி, பிரெஞ்சு பக்கமே அது உதிர்ந்துருச்சு, இங்கிலீஷுக்கு வரும்போதே தலை இல்லாமத்தான் வந்துச்சு. சொல் வரலாறு பகுதியைப் படிச்சா இது தெளிவாயிரும். அப்படியே லிங்க் புடிச்சு பின்னாடி போனா அரபு, பாரசீக நாரங், சமஸ்கிருத நாரங்க, அதுக்கும் பின்னாடி ஏதோ ஒரு திராவிட மொழி இருக்கலாம்னு வரும். நம்ம நாரத்தையை இந்த இடத்துல பாக்கும்போது சந்தோஷம் தாங்காது. ஆனா "இருக்கலாம்"தான், அதைத் தூக்கிட்டுப் போய் "தமிழ்தான்"னு ஃபார்வர்ட் பண்ணாதீங்க ப்ளீஸ்.

எட்டிமான்லைன்னு சொல்லோட வேர் சொல்ற வெப்சைட் ஒண்ணு இருக்கு, அதுவும் அருமையானதுதான், படிக்க இதைவிட சுகமா இருக்கும், ஆனா அது இங்கிலீஷ் சொல்லுக்கு மட்டும். பக்கத்துப் பக்கத்துல பத்து ஐரோப்பிய மொழியை வச்சுப் பாக்கணும்னா விக்சனரிதான்.

குறைன்னா, யார் வேணா திருத்தலாங்கிறதால எல்லாப் பக்கமும் ஒரே தரத்துல இருக்காது, கீழ ஆதாரம் குடுத்திருக்காங்களான்னு பாத்துட்டு நம்புங்க. மொபைல்ல நீளமான பக்கம்னா ஸ்க்ரோல் பண்ணியே விரல் வலிக்கும், பெரிய ஸ்க்ரீன்ல பாக்குறது நல்லது. என் மார்க் 5க்கு 4.5. நெட் இல்லாத இடத்துலயும் வேணும்னா கிவிக்ஸ் ஆப் போட்டு மொத்தமா டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாம், ஃபைல் பெருசு, வைஃபைல பண்ணுங்க.