எட்டிமான்லைன்: பயாலஜி, நர்சிங் படிக்கிற புள்ளைங்களுக்கு நான் முதல்ல காட்டுற சைட்

ரொம்ப நாளா இத பத்தி எழுதணும்னு நெனச்சிட்டு இருந்தேன், இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுது. எட்டிமான்லைன்னு ஒரு சைட் இருக்கு, முழுப்பேரு ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி. ஒரு இங்கிலீஷ் வார்த்தை எந்த மொழியிலேர்ந்து வந்துச்சு, எப்போ வந்துச்சு, வர்ற வழியில அர்த்தம் எப்படி மாறுச்சுன்னு சொல்ற அகராதி. டக்ளஸ் ஹார்ப்பர்னு ஒரு அமெரிக்கர் 2000த்தோட ஆரம்ப வருஷங்கள்ல தொடங்குனது, ஆக்ஸ்போர்டு அகராதி மாதிரி பெரிய பெரிய புத்தகங்கள எல்லாம் பாத்து பாத்து தொகுத்திருக்காரு. வெப்சைட்ல படிக்க காசு கிடையாது. நான் சாயங்காலத்துல ப்ளஸ் டூ பயாலஜியும் நர்சிங் முதல் வருஷ புள்ளைங்களுக்கு அனாடமியும் ட்யூஷன் எடுக்குறேன், அதனால இந்த ரிவ்யூவும் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வரும். இலக்கியம் படிக்கிறவங்களுக்கு இது வேற மாதிரி உபயோகப்படலாம்.

போன வருஷம் ஒரு பொண்ணு வந்து சேந்துச்சு, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், நல்ல மார்க், நர்சிங் சேந்த ரெண்டே மாசத்துல பாதியா இளைச்சுப் போச்சு. அதுக்கு முன்னாடி அது போன ஒரு கோச்சிங் சென்டர்ல மெடிக்கல் வார்த்தைங்கன்னு நாப்பது பக்கம் ஜெராக்ஸ் குடுத்து தினம் ஒரு பக்கம் உருப்போட்டுட்டு வான்னு சொல்லியிருக்காங்க, அர்த்தம் ஒரு வரி, அது ஏன் அப்படின்னு ஒரு வார்த்தை கூட கிடையாது. நோட்ட தொறந்து பாத்தா கோலிசிஸ்டெக்டமின்னு ஒரே வார்த்தைய ரெண்டு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கு, அப்பவும் எழுத்து மாறி மாறி வருது. எனக்கு மனசு கஷ்டமா போச்சு.

அன்னைக்கு நாங்க உக்காந்து அந்த வார்த்தைய துண்டு துண்டா தேடுனோம். சிஸ்ட்னு போட்டா கிரேக்கத்துல கிஸ்டிஸ், அதாவது பை. எக்டமின்னு போட்டா வெளியேன்னு ஒரு துண்டு, வெட்டுறதுன்னு ஒரு துண்டு, சேத்தா வெட்டி வெளிய எடுக்குறது. முன்னாடி இருக்கிற கோலி மட்டும் பாக்கி, அதுக்கு மெலங்கொலிங்கிற வார்த்தைய போட சொன்னேன். மெலாஸ்னா கறுப்பு, கோலேன்னா பித்தம். கறுப்புப் பித்தம் ஒடம்புல கூடிப்போனா மனுசனுக்கு சோகம் புடிச்சிரும்னு அந்தக் காலத்து கிரேக்க வைத்தியத்துல நம்புனாங்க, அந்த நம்பிக்கை போயி வார்த்தை மட்டும் நின்னுருச்சு. நம்மளும் பித்தம் தலைக்கேறிருச்சு, பித்துப் புடிச்சிருச்சுன்னு சொல்றோம்ல, அதே கணக்குதான். இப்ப சேத்து படிச்சா பித்தம், பை, வெட்டி எடுக்குறது. அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் ஸ்க்ரீனையே பாத்துட்டு "மிஸ், இது நம்ம பித்தப்பை தானே, அப்படியே பித்தம் பை தானே"ன்னு கேட்டுச்சு. ஆமா. அப்படியே தான். அதுக்கப்புறம் அது அந்த வார்த்தைய தப்பா எழுதி நான் பாக்கல.

இந்த சைட்ட நான் இவ்ளோ தூக்கிப் பேசுறதுக்கு காரணம் இதுதான். தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு இந்த வார்த்தைங்க தூரத்து வார்த்தைங்கன்னு ஒரு பயம் இருக்கு, இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன் நம்மள விட முன்னாடி இருக்கான்னு ஒரு பயம். ஆனா நெஃப்ரைட்டிஸ்ங்கிற (சிறுநீரக அழற்சி) வார்த்தை இங்கிலீஷ் மீடியம் பையனுக்கும் தெரியாத பாஷைதான், அவன் வீட்டுலயும் யாரும் கிரேக்கம் பேசல. இந்த மாதிரி வார்த்தைங்கள ஒடைச்சுப் பாத்தா உள்ள இருக்கிறது எலி, சட்டி, சாவி, புல்லாங்குழல், நண்டு. மஸில்னா லத்தீன்ல குட்டி எலி, முஸ்குலுஸ், கைய மடக்கும்போது தோலுக்கடியில ஓடுறது எலி மாதிரி இருக்குன்னு வச்சிருக்காங்க. கிளாவிக்கிள், அதாவது காறை எலும்பு, அதுக்கு அர்த்தம் சின்ன சாவி. முட்டிக்குக் கீழ இருக்கிற டிபியா எலும்புன்னா குழல். பட்டெல்லான்னா சின்ன தட்டு, நம்ம முட்டிச் சில்லுன்னு சொல்றோம். சமையக்கட்டுலயும் கொல்லையிலயும் கெடந்த சாமானுக்கு வச்ச பேரத்தான் எலும்புக்கும் வச்சிருக்காங்க, இத தெரிஞ்சப்புறம் அனாடமி சார்ட் பாக்குறதே வேற மாதிரி ஆயிருச்சு எனக்கு.

நீரிழிவு இன்னொன்னு. டயாபடீஸ்னு தேடுங்க, கிரேக்கத்துல ஊடாகப் பாஞ்சு போறது, தண்ணிய இழுத்து விடுற சைஃபன்னு அர்த்தம் வரும், ஏன்னா குடிச்ச தண்ணி அப்படியே சிறுநீரா போயிட்டே இருக்கும். தமிழ்ல நீர் இழிவு. இழிதல்னா எறங்கி ஓடுறது, கேவலம்னு அர்த்தம் இல்ல, இது நெறய பேருக்கு தெரியாது. மெல்லிட்டஸ்னா லத்தீன்ல தேன் சேந்தது, இன்சிப்பிடஸ்னா ருசியில்லாதது, ரெண்டுலயும் சிறுநீர் நெறய போகும், ஒண்ணுல இனிப்பு இருக்கும் இன்னொண்ணுல இருக்காது. இத ஒரு தடவ சொல்லிட்டா டயாபடீஸ் இன்சிப்பிடஸ்ங்கிறது சர்க்கரை வியாதி இல்லன்னு பரீட்சையில யாரும் குழம்ப மாட்டாங்க. இன்சுலின்ல இருக்கிறது இன்சுலா, தீவு, கணையத்துக்குள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்னு நம்ம புத்தகத்துல வருதே அந்தத் திட்டுதான். டிரிப்ஸ்ல தொங்குற டெக்ஸ்ட்ரோஸ் கூட, டெக்ஸ்டர்னா லத்தீன்ல வலது, அந்த சர்க்கரைக் கரைசல் வழியா ஒரே தளத்துல அதிர்ற ஒளிய விட்டா அந்தத் தளத்த வலப்பக்கமா திருப்பும், அதனால அந்தப் பேரு. இடதுக்கு லத்தீன் வார்த்தை சினிஸ்டர், இன்னைக்கு இங்கிலீஷ்ல சினிஸ்டர்னா கெட்ட எண்ணம் புடிச்ச, அபசகுனமான. நாம சோத்தாங்கை பீச்சாங்கைன்னு பிரிச்சு ஒண்ணுக்கு மரியாதை குடுக்குற மாதிரியேதான் ரோம்லயும் நடந்திருக்கு.

எனக்கு ரொம்ப புடிச்சது பியூப்பில். கண்ணுக்கு நடுவுல இருக்கிற கறுப்பு வட்டம். லத்தீன்ல பியூப்பில்லான்னா குட்டிப் பொம்மை. எதிர்ல நிக்கிறவங்க கண்ண கிட்டக்க பாத்தீங்கன்னா நம்ம உருவமே பொம்மை சைஸ்ல தெரியும், அதப் பாத்துதான் அந்தப் பேரு. கிரேக்கத்துலயும் கோரேன்னு ஒரே வார்த்தை, பொண்ணுக்கும் அதுதான் கண்மணிக்கும் அதுதான். இத படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, ஏன்னா நம்ம கிட்டயும் கண்ணின் பாவைதான், பாவைன்னா பொம்மை. கருமணிக்குள்ள இருக்கிற பாவையே நீ எறங்கிப் போ, என் காதலிக்கு அங்க எடம் வேணும்னு வள்ளுவர் காமத்துப்பால்ல ஒருத்தன பேச வச்சிருக்காரு. எங்க வீட்டுல இன்னைக்கும் கண்ணுல பாப்பா தெரியுதுன்னு தான் சொல்வாங்க. மூணு ஊரு, மூணு மொழி, மூணு பேரும் அடுத்தவங்க கண்ணுக்குள்ள உத்துப் பாத்து அதே பொம்மைய கண்டிருக்காங்க. கிளாஸ்ல இத சொல்லிட்டு பக்கத்துல இருக்கிறவங்க கண்ண டார்ச் அடிக்காம சும்மா பாக்க சொன்னேன், அஞ்சு நிமிஷம் யாரும் பேசல.

இப்ப யூஸ் பண்றது எப்படின்னு சொல்றேன். பெரிய வார்த்தைய முழுசா போட்டு ஒண்ணும் வரலன்னு விட்றாதீங்க, துண்டா போடுங்க, முன்னொட்டு பின்னொட்டுக்கெல்லாம் தனிப் பக்கமே இருக்கு, ஐட்டிஸ் ஹைப்பர் ஹைப்போ எல்லாம். அடுத்து அந்த வருஷக் கணக்கு. 14 சின்னு போட்டிருந்தா பதினாலாம் நூற்றாண்டு, அதாவது 1300கள். 1400கள்னு எடுத்துக்கிட்டு தப்பு பண்ற புள்ளைங்க நெறய. அப்புறம் சில வேர்ச்சொல்லுக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பாங்க, அது எந்தக் கல்வெட்டுலயும் ஏட்டுலயும் கெடச்ச வார்த்தை கிடையாது, லத்தீன் கிரேக்கம் சமஸ்கிருதம் எல்லாத்தையும் ஒப்பிட்டு மூல மொழியில இப்படித்தான் இருந்திருக்கணும்னு அறிஞர்கள் கட்டி எழுப்புன வடிவம். அந்த நட்சத்திர வார்த்தைய தொட்டீங்கன்னா குடும்பம் முழுக்க வந்து நிக்கும். பல்லுக்கு லத்தீன்ல டென்ட், கிரேக்கத்துல ஓடான்ட், சமஸ்கிருதத்துல தந்த. நாம யானைத் தந்தம்னு சொல்றது அந்த சமஸ்கிருத வார்த்தையதான். டென்டிஸ்ட்டும் யானைத் தந்தமும் ஒரே குடும்பம்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க, காட்டுனா வாயப் பொளக்குறாங்க.

ஒரே மாதிரி இருக்கிற வேற வேற வேர்லதான் பசங்க மாட்டுவாங்க. ஹோமோ சேப்பியன்ஸ்ல வர்ற ஹோமோ லத்தீன், மனுசன். ஹோமோசைகஸ்ல (ஜீன் ஜோடி ரெண்டும் ஒண்ணா இருக்கிறது) வர்ற ஹோமோ கிரேக்கம், ஒரே மாதிரி. பெடல்ல இருக்கிறது லத்தீன் கால், பீடியாட்ரிக்ஸ்ல இருக்கிறது கிரேக்கக் குழந்தை. ஆர்த்தோபீடிக்ஸ்ங்கிற வார்த்தைக்குள்ள எலும்பே கிடையாது தெரியுமா, 1741ல நிக்கோலா ஆன்ட்ரிங்கிற பிரெஞ்சு டாக்டர் குழந்தைங்களோட வளைஞ்ச ஒடம்ப நேராக்குறதுக்குன்னு வச்ச பேரு, ஆர்த்தோஸ்னா நேரானது, மிச்சம் அதே கிரேக்கக் குழந்தை. இப்ப அறுவது வயசு தாத்தாவோட முட்டிக்கும் அங்கதான் போறோம்.

அதனால ஒண்ண அழுத்தி சொல்லணும், வேர் தெரிஞ்சா இன்னைக்கு உள்ள அர்த்தம் தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. ஆர்ட்டரிங்கிற வார்த்தை கிரேக்கத்துல மூச்சுக் குழாய்க்கும் ஓடிச்சு, செத்த உடம்புல தமனி வெறுமையா இருந்ததால அதுக்குள்ள காத்துதான் போகுதுன்னு பழைய ஆளுங்க நம்புனாங்க. வேர வச்சு பதில் எழுதுனா தமனியில காத்து ஓடுதுன்னு எழுதணும். இந்த சைட் பழைய கதைய சொல்லும், இன்னைக்கு என்ன அர்த்தம்னு பாக்க சாதாரண மெடிக்கல் டிக்‌ஷனரி கூட வச்சுக்கணும்.

இன்னொரு பெரிய உபகாரம், வாட்சப்ல சுத்துற கதைங்கள சரி பாக்கலாம். சின்சியர்னா சைன் செரா, மெழுகு இல்லாதது, சிற்பிங்க விரிசல்ல மெழுகு வச்சு ஏமாத்துனாங்கன்னு ஒரு அழகான கதை வரும், அதுக்கு ஆதாரம் கிடையாது, லத்தீன்ல சின்செருஸ்னாலே சுத்தம், கலப்படம் இல்லாததுன்னு தான் அர்த்தம். சாலரில உப்புங்கிற சால் இருக்கிறது நெசம், ஆனா ரோம் சிப்பாய்களுக்கு சம்பளமா உப்பையே அளந்து குடுத்தாங்கங்கிறதுக்கு அந்தக் காலத்து சான்று இல்ல. சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேந்து சம்பளம்னு நம்ம பக்கமும் சொல்றாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்க ஆசையா இருக்கும், ஆனா ஒண்ண வச்சு இன்னொண்ண நிரூபிச்சிட்டதா பசங்க கிட்ட சொல்லாதீங்க. இஞ்சிக்கு போட்டிருக்கிறத பாருங்க, ஜிஞ்சர் லத்தீன் வழியா கிரேக்க சிங்கிபெரிஸ், அதுக்கு முன்னாடி பிராகிருதம், சமஸ்கிருதத்துல கொம்பு மாதிரி உடம்புன்னு விளக்கம், ஆனா அது பின்னால கட்டுன விளக்கமா இருக்கலாம், திராவிட வார்த்தையிலேர்ந்தே போயிருக்கலாம்னு இஞ்சி வேரையும் காட்டி நிறுத்துறாங்க. நிச்சயம் இல்லாத எடத்துல நிச்சயம் இல்லன்னு எழுதுற அந்த நேர்மைக்காகவே நான் இத நம்புறேன்.

குறைன்னு சொன்னா எல்லாம் இங்கிலீஷ்லதான், அதுவும் சுருக்கி சுருக்கி எழுதியிருக்கும், முதல் ஒரு வாரம் யாராவது பக்கத்துல உக்காந்து படிச்சு காட்டணும். கிரேக்க வார்த்தையும் ரோமன் எழுத்துலதான் இருக்கும், ஒரிஜினல் எழுத்த பாக்க ஆசைப்படுறவங்களுக்கு ஏமாத்தம். நீட்டுக்கு கடைசி மாசத்துல இத தொடாதீங்க, ஒரு வார்த்தையிலேர்ந்து இன்னொண்ணுக்கு போயி ஒரு மணி நேரம் எப்படி போச்சுன்னே தெரியாது. ப்ளஸ் ஒன் ஆரம்பத்துல, நர்சிங் முதல் வருஷ ஆரம்பத்துல, தினம் அஞ்சு வார்த்தை, பக்கத்துலயே தமிழ்ப் பாடப்புத்தகத்துல இருக்கிற வார்த்தையையும் எழுதணும், இதுதான் எங்க கிளாஸ் முறை. அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன், அந்த அரை தமிழ்ல இல்லாததுக்கு மட்டும்.

நாளைக்கு எங்களுக்கு காது பாடம். டிம்பானிக் மெம்பிரேன்ல இருக்கிறது டிம்பனம், கிரேக்க மேளம், நம்ம புத்தகத்துல செவிப்பறை, ரெண்டு பேரும் தோல் கருவியதான் புடிச்சிருக்காங்க. காக்ளியான்னா நத்தை ஓடு. பொண்ணுங்க கிட்ட ஆத்தங்கரையில கெடச்சா ஆளுக்கொரு நத்தை ஓடு எடுத்துட்டு வர சொல்லியிருக்கேன், எத்தன சுத்து இருக்குன்னு எண்ணிப் பாக்கணும்.