‘டெய்லி ரூட்டீன்’ அட்டைப் பெட்டி: வாங்கலாமா?

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் புத்தகக் கடைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு விற்கும், நாள்தோறும் செய்வதை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கும் அட்டைப் பெட்டி இது. உள்ளே 24 பட அட்டை, எழுதாத வெறும் அட்டை 2, காகித மணிக்கூடு ஒன்று, 32 பக்கத்தில் ஒரு பயிற்சிப் புத்தகம். விலை 1,250 ரூபாய். ஆங்கிலம் முறையான பாடமாகத் தொடங்கும் தரம் 3க்கும் அடுத்த வகுப்புக்கும் பொருந்தும்.

வாங்கலாம். ஆனால் பிள்ளையிடம் கொடுக்க முதல் பயிற்சிப் புத்தகத்தின் வலப்பக்கத் தமிழ் நிரலை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

காரணம் நம்முடைய தமிழிலேயே இருக்கிறது. நாள்தோறும் நடப்பதை நாம் எப்படிச் சொல்கிறோம்? “தம்பி ஆறு மணிக்கு எழும்புவான், பல்லு விளக்குவான், தேத்தண்ணி குடிப்பான்.” வடிவம் எதிர்காலம், பொருள் வழக்கம். இதை மனதில் வைத்து மொழிபெயர்க்கும் பிள்ளை “ஹி வில் கெட் அப்” என்றுதான் எழுதும். புத்தகத்தில் “எழும்புகிறான்” என்று அச்சடித்திருக்கிறார்கள். அதிலும் ஆபத்து உண்டு. “எழும்புகிறான்” என்றால் இந்த நிமிடம் நடப்பதையும் குறிக்கும், அதனால் “ஹி இஸ் கெட்டிங் அப்” வந்துவிடும். எந்தத் தமிழ் வடிவத்தைப் போட்டாலும், வழக்கத்தைச் சொல்லும் “ஹி கெட்ஸ் அப்” என்ற ஆங்கில வடிவத்துக்கு (பிரசண்ட் சிம்பிள்) நேராக வராது. படத்தையும் நேரத்தையும் கொண்டு நேரே ஆங்கிலத்துக்குப் போவதுதான் வழி.

படத்திலும் ஒரு சிக்கல். அட்டையில் பையன் வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறான். அதைக் காட்டி “வட் இஸ் ஹி டூயிங்?” என்று கேட்டால் “ஹி இஸ் பிரஷிங்” என்பதே சரியான பதில். பிழை பிள்ளையில் இல்லை, கேள்வியில்தான். ஆகவே முதலில் மணிக்கூட்டை ஆறு மணிக்குத் திருப்புங்கள். “எவ்ரி டே” என்று சொல்லி அட்டையைக் காட்டி, உடனே குப்புறக் கவிழ்த்துவிடுங்கள். படம் கண்ணில் இல்லாதபோது “இப்போது நடக்கிறது” என்ற எண்ணமும் விட்டுப்போகும். பிறகு “வட் டைம் டஸ் ஹி பிரஷ் ஹிஸ் டீத்?” என்று கேளுங்கள். கவிழ்த்த அட்டையைப் பார்த்துப் பதில் சொல்லும் பிள்ளைக்கு “ஐஎன்ஜி” அவ்வளவு எளிதில் வராது.

மணிக்கூடு பெட்டியின் நல்ல பொருளும் பலவீனமான பொருளும். இரண்டு முள்ளும் தனித்தனியே சுழல்வதால், ஆறரை வைக்கும்போது சின்ன முள் ஆறிலேயே நின்றுவிடுகிறது. அதை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கையால் தள்ளி வைக்க வேண்டும். நடு ஆணி சில நாளில் தளரும். பின்பக்கம் ஒரு சட்டைப் பொத்தானைக் கோர்த்து ஆணியின் கால்களை விரித்தால் இறுகிவிடும். “ஹாஃப் பாஸ்ட் சிக்ஸ்” நம் ஆறரையோடு ஒத்துப்போவதால் பிரச்சினை இல்லை. இடறுவது “குவார்ட்டர் டு செவன்”. நாம் ஆறே முக்கால் என்று ஆறிலிருந்து எண்ணுகிறோம், ஆங்கிலம் வரப்போகும் ஏழின் பெயரைச் சொல்கிறது. புத்தகம் இதை மூன்றாம் பக்கத்திலேயே திணித்திருக்கிறது. முதல் மாதம் “சிக்ஸ் ஃபோர்ட்டி-ஃபைவ்” போதும்.

24 அட்டையையும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். ஒரு தடவைக்கு ஆறு அட்டை, இருபது நிமிடம். முதல் இரண்டு நாள் “ஐ” மட்டும். மூன்றாம் நாள் வீட்டில் மூன்று பேரிடம் “வட் டைம் டு யூ கெட் அப்?” என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மறுநாள் அதை “மை மதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ்” என்று அறிக்கையாகச் சொல்ல வேண்டும். அம்மாவோ உம்மாவோ, பிள்ளைக்கு உண்மையில் தெரிந்த ஆளைப் பற்றிச் சொல்லும்போதுதான் “கெட்ஸ்” கடைசியில் வரும் அந்த “எஸ்” தேவையானதாகிறது. பெட்டியில் 24 அட்டையிலும் ஒரே பையன். அக்காவும் இல்லை, அப்பாவும் இல்லை. பெரிய குறை இது.

தமிழில் வினை ஆளுக்கு ஆள் மாறும்: எழும்புகிறேன், எழும்புகிறாய், எழும்புகிறாள். ஆங்கிலத்தில் “ஹி, ஷி, இட்” மூன்றுக்கு மட்டும் ஒரு “எஸ்”. இவ்வளவு சின்னது என்பதால்தான் மறக்கிறது. உடுப்புக் கொடியில் மாட்டும் கிளிப் ஒன்றில் “எஸ்” என்று எழுதி, வினைச்சொல்லை எழுதிய தாளின் ஓரத்தில் மாட்டுங்கள். கேள்வியோ மறுப்போ வந்தால் அதைக் கழற்றி “டு” மேல் மாட்டினால் “டஸ்”. எழுதும்போது நடுவில் “இ” ஒன்றும் சேரும். கிளிப் ஒன்றுதான், இரண்டு இடத்தில் இருக்க முடியாது. “ஹி டஸன்ட் கோஸ்” என்ற பிழை ஏன் பிழை என்பதைப் பிள்ளை கையாலேயே உணரும். “வொஷஸ், பிரஷஸ், வொட்சஸ்” மூன்றையும் கைதட்டிச் சொல்ல வையுங்கள். “வொஷ்” ஒரு தட்டு, “வொஷஸ்” இரண்டு தட்டு. “கெட்ஸ்” ஒன்றேதான்.

புத்தகத்தில் “கோ டு ஸ்கூல்” உண்டு, “கோ டு த மொஸ்க்”, “கோ டு த டெம்பிள்” இல்லை. அம்பாறை மாவட்டத்து முஸ்லிம் ஊர்களில் பள்ளி என்றால் பள்ளிவாசல். பிள்ளை “பள்ளிக்குப் போறேன்” என்பதை “கோ டு ஸ்கூல்” போலவே வைத்து “த” போடாமல் விட்டுவிடும். படிக்கப் போகும் ஸ்கூலுக்கு “த” வேண்டாம், மற்ற இரண்டுக்கும் வேண்டும். வெள்ளிக்கிழமை கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொது என்பதால் “ஒன் ஃபிரைடேஸ்” பழக இதைவிட நல்ல வசனம் கிடையாது.

காலைச் சாப்பாட்டு அட்டையில் பால் ஊற்றிய சீரியல். நம் வீட்டில் இடியப்பம்; பிள்ளை சொல்ல வேண்டியது “ஐ ஹேவ் ஸ்ட்ரிங் ஹொப்பர்ஸ் ஃபோர் பிரேக்ஃபஸ்ட்.”

அட்டையின் அளவு 10க்கு 15 சென்டிமீட்டர். வீட்டுக்கும் ஏழெட்டுப் பேர் உள்ள ரியூஷனுக்கும் போதும். முப்பத்தைந்து பேர் வகுப்பில் பின் வாங்கில் இருப்பவர்களுக்குத் தெரியாது; போட்டோக்கொப்பிக் கடையில் ஏ4க்குப் பெருப்பித்து எடுங்கள். லேமினேட் செய்யாத மட்டை என்பதால் மாரி காலத்தில் ஓரம் சுருளும்.

அந்த வெறும் அட்டை இரண்டையும் வீணாக்காதீர்கள். ஒன்றில் கிணற்றடியை வரைந்து “ஐ பேத் அட் த வெல்” என்று எழுதுங்கள். ஷவர் படத்துக்குப் பதில் அது. மற்றதில் வாவியில் தோணி: “மை ஃபாதர் ஃபிஷஸ் அட் நைட். ஹி டஸன்ட் ஸ்லீப் அட் நைட். ஹி ஸ்லீப்ஸ் இன் த மோர்னிங்.” மறுப்பு, “அட்”, “இன்” எல்லாம் அந்த ஒரு அட்டையிலேயே வந்துவிடும்.